வெளி வழங்குநர் வழியாக அஞ்சல் அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ் அமைத்தல்: கீழமாசி வீதிக் கடையின் சிக்கல்

கீழமாசி_கணக்கு | திங்கள், இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன்; கணினி வேலையும் என் பொறுப்பு. கடையின் பின்னறையில் உபுண்டு ஓடும் பழைய கணினி ஒன்று இருக்கிறது. அதில் அஞ்சல் அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளும், பிஎச்பி மொழியில் எழுதிய பில் நிரலும் ஓடுகின்றன. தினமும் காலை ஆறு மணிக்கு அன்றைய விலைப்பட்டியலும் முந்தைய நாள் பில்களும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கத்துக் கடைகளுக்கு மின்னஞ்சலில் போகும். ஏறத்தாழ 240 கடைகள். பில்லின் நகல் அவரவர் ஆடிட்டருக்கும் போகிறது.

நான்கு ஆண்டுகளாக ஒரு தொல்லையும் இல்லை. போன வியாழக்கிழமை இணைய இணைப்பை மாற்றினோம். அன்றிலிருந்து ஓர் அஞ்சலும் வெளியே போகவில்லை. வரிசையில் நூற்றுக்கணக்கில் தேங்கிக் கிடக்கின்றன. பதிவேட்டைத் திறந்தால் எல்லா வரியிலும் ஒரே செய்தி: 25ஆம் போர்ட்டில் இணைப்புக் கிடைக்காமல் நேரம் கடந்துவிட்டது.

இன்று 4ஆம் தேதி. 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன்பே கடைக்காரர்கள் பில்லைப் பார்த்துத் தவறு இருந்தால் சொல்லிவிட்டால்தான் எங்களால் திருத்த முடியும். வெளி வழங்குநர் ஒருவர் வழியாக அனுப்பலாம் என்று படித்தேன். எங்கிருந்து தொடங்குவது?

---

யானைமலை | திங்கள், இரவு 9.52

தம்பி, முதலில் ஒரு அவசர வேலை. போஸ்ட்ஃபிக்ஸ் ஓர் அஞ்சலை ஐந்து நாள்தான் வரிசையில் வைத்திருக்கும். அதன் பிறகு அனுப்பியவருக்கே திருப்பிவிடும். வியாழக்கிழமை அஞ்சல்கள் நாளையிலிருந்து திரும்பத் தொடங்கும். மெயின்.சிஎஃப் என்ற அமைப்புக் கோப்பில் வரிசையின் உச்ச ஆயுளைப் பத்து நாளாக உயர்த்தி மறுஏற்றம் செய்யுங்கள். ஏற்கெனவே தேங்கியிருப்பவற்றுக்கும் புதிய கெடு பொருந்தும்.

அடுத்து, வரிசையில் உள்ள எல்லாவற்றையும் போஸ்ட்சூப்பர் கட்டளையால் நிறுத்தி வையுங்கள். நான்கு நாள் பழைய விலைப்பட்டியல் திடீரென்று 240 கடைக்கும் போய் இறங்கினால் விலைக் குழப்பம் வந்துவிடும். பில்களை மட்டும் பிறகு விடுவிக்கலாம், பழைய பட்டியல்களை அழித்துவிடலாம்.

இனி காரணம். உங்கள் புதிய இணைப்பில் வெளிச்செல்லும் 25ஆம் போர்ட், அதாவது அஞ்சல் சேவையகங்கள் தங்களுக்குள் பேசும் வாசல், அடைபட்டிருக்கிறது. கிருமி புகுந்த வீட்டுக் கணினிகள் நேரடியாகக் குப்பை அஞ்சல் அனுப்பக்கூடாது என்பதற்காகப் பல நிறுவனங்கள் இப்படிச் செய்கின்றன. கூகுள் கிளவுடிலும் பொதுவாக இந்தப் போர்ட் வெளியே போகாது. அமேசான் இசி2வில் விண்ணப்பித்தால் தளர்த்துவார்கள். கெஞ்சிக் கூத்தாடித் திறக்க வைத்தாலும் உங்களுக்குப் பெரிதாகப் பயன் இருக்காது. வீட்டு இணைப்புகளுக்கான ஐபி வரம்புகளை ஸ்பாம்ஹவுஸ் தனியாக ஒரு பட்டியலில் வைத்திருக்கிறது, பிபிஎல் என்று பெயர். அதில் உள்ள முகவரியிலிருந்து நேராக வரும் அஞ்சலைப் பெரும்பாலான சேவையகங்கள் வாசலிலேயே மறுத்துவிடும். ஐபி முகவரிக்குத் தலைகீழ் டிஎன்எஸ் பெயரும் (அந்த எண் எந்தப் பெயருக்கு உரியது என்ற பதிவு) வேண்டும், அது உங்கள் கையில் இல்லை.

ஆகவே ரிலேதான் வழி. உங்கள் போஸ்ட்ஃபிக்ஸ் அப்படியே இருக்கட்டும். அது உலகத்துக்கு நேராகப் பேசாமல், 587ஆம் போர்ட்டில் ஒரே ஒரு வழங்குநரிடம் பயனர் பெயர், கடவுச்சொல்லோடு பேசி எல்லாவற்றையும் ஒப்படைக்கும். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

---

நேதாஜி_ரோடு | திங்கள், இரவு 10.15

சொந்தச் சேவையகமே தேவையில்லை என்பது என் கருத்து. ஜிமெயில் கணக்கு ஒன்றை நிரலில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

---

யானைமலை | திங்கள், இரவு 10.31

ஒரு நாளைக்குப் பத்து அஞ்சல் அனுப்புகிறவருக்கு அது சரி. இவருக்குச் சரிவராது. சாதாரண ஜிமெயில் கணக்குக்கு ஒரு நாளைக்கு 500 என்பது வரம்பு. விலைப்பட்டியல், பில், ஆடிட்டர் நகல் மூன்றையும் கூட்டினால் இவர் அதைத் தாண்டிவிடுவார். பெறுநருக்குக் கடையின் முகவரிக்குப் பதில் ஜிமெயில் முகவரிதான் தெரியும். 2022 மே 30 முதல் வழக்கமான கடவுச்சொல்லை நிரலில் கொடுக்கவும் முடியாது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் எடுக்க வேண்டும்.

உள்ளே ஒரு போஸ்ட்ஃபிக்ஸ் இருப்பதில் இன்னொரு பெரிய நன்மை இருக்கிறது. மின்சாரமோ இணையமோ போனால் நிரல் பிழை காட்டி நின்றுவிடாது. அஞ்சல் வரிசையில் பத்திரமாகக் காத்திருக்கும். இந்த நான்கு நாளும் இவருடைய பில்கள் தொலையாமல் இருப்பது அதனால்தான்.

---

கீழமாசி_கணக்கு | செவ்வாய், காலை 7.05

நிறுத்தி வைத்துவிட்டேன். நேரத்துக்குச் சொன்னீர்கள், நன்றி அண்ணா. வழங்குநர் ஒருவரிடம் கணக்குத் தொடங்கிவிட்டேன். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வந்துவிட்டன. கோப்பில் என்னென்ன மாற்ற வேண்டும்?

---

யானைமலை | செவ்வாய், காலை 7.48

மெயின்.சிஎஃப் கோப்பில் ரிலேஹோஸ்ட் என்ற வரியில் வழங்குநரின் சேவையகப் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதி, அதற்கு வெளியே முக்காற்புள்ளியும் 587உம் போடுங்கள். அந்த அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கு எம்எக்ஸ் பதிவைத் தேடிப் போய், அஞ்சல் வாங்கும் வேறொரு கணினியின் கதவைத் தட்டும்.

பிறகு எஸ்எம்டிபி (அஞ்சல் அனுப்பும் நெறிமுறை) கிளையன்டுக்கான சாசல் அங்கீகாரத்தை, அதாவது கடவுச்சொல் காட்டி நுழைவதை, இயக்குங்கள். கடவுச்சொல் தனிக் கோப்பில் இருக்கட்டும். அந்தக் கோப்பின் இடப்பக்கம் ரிலேஹோஸ்டில் எழுதியது அடைப்புக்குறி, போர்ட் எண் உட்பட எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். ஒன்றில் அடைப்புக்குறி இருந்து மற்றதில் இல்லையென்றால் கடவுச்சொல் கண்டுபிடிக்கப்படாது. அங்கீகாரம் இல்லாமலே இணைந்து, மறுக்கப்பட்டு நிற்கும். எழுதியதும் அதைப் போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவுக்கு மாற்றப் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்டுங்கள். கோப்பின் அனுமதியை 600 (உரிமையாளருக்கு மட்டும்) ஆக்குங்கள்; கடவுச்சொல் வெறும் எழுத்தாக அதில் கிடக்கிறது.

இணைப்பைக் குறியாக்கிக் காக்கும் டிஎல்எஸ் நிலையைக் கட்டாயக் குறியாக்கம் என்று வையுங்கள். "கிடைத்தால் பயன்படுத்து" என்ற நிலை இங்கே போதாது, கடவுச்சொல் கம்பியில் போகிறது. வழங்குநர் 465ஆம் போர்ட்டைத் தந்திருந்தால் ராப்பர்மோடு என்ற வரியையும் இயக்க வேண்டும், அங்கே தொடக்கத்திலிருந்தே குறியாக்கம்தான்.

---

தந்தி_ஆபீஸ் | செவ்வாய், காலை 8.30

நான் தந்தித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்ற நாளில் மனம் மிகவும் கனத்துப் போனது. இந்த இழையை ஆர்வத்தோடு படிக்கிறேன், ஒன்றை மட்டும் கவனப்படுத்த விரும்புகிறேன் தம்பி. நீ வேறொருவரை ரிலேயாக வைத்துக்கொள்வது ஒரு பக்கம். உன் கணினி ஊர் பேர் தெரியாதவர்களுக்கு ரிலேயாகிவிடக்கூடாது என்பது இன்னொரு பக்கம். மைநெட்வொர்க்ஸ் என்ற வரியில் என்ன இருக்கிறது என்று பார்த்தாயா?

---

கீழமாசி_கணக்கு | செவ்வாய், காலை 8.41

ஐயா, அதில் 127.0.0.0/8 உடன் 0.0.0.0/0 என்றும் இருக்கிறது. முன்பு யாரோ அமைத்தது.

---

தந்தி_ஆபீஸ் | செவ்வாய், காலை 8.44

உடனே எடு தம்பி! அதற்குப் பொருள், உலகத்தில் உள்ள எந்தக் கணினியும் உன் வழியாக அஞ்சல் அனுப்பலாம் என்பது. இதுவரை உன் ரவுட்டர் உள்ளே வரும் இணைப்பைத் தடுத்திருக்கிறது, அவ்வளவுதான். இனி உன் பெயரில் பணம் கட்டிய கணக்கு ஒன்று பின்னால் இருக்கிறது. எவனோ ஒருவன் ஓரிரவில் லட்சம் குப்பை அஞ்சல் தள்ளினால் கட்டணமும் உன் தலையில் விழும், கணக்கும் முடக்கப்படும்.

---

யானைமலை | செவ்வாய், காலை 9.02

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். உங்கள் கணினி வெளியிலிருந்து அஞ்சல் எதையும் வாங்குவதில்லை. எனவே ஐநெட்_இன்டர்ஃபேசஸ் வரியை லூப்பேக்-ஒன்லி என்று மாற்றுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் தன் கணினிக்குள்ளிருந்தே வரும் அஞ்சலை மட்டும்தான் கேட்கும். இந்த மாற்றத்துக்கு மறுஏற்றம் போதாது, நிறுத்தித் தொடங்க வேண்டும்.

---

கீழமாசி_கணக்கு | செவ்வாய், பிற்பகல் 1.15

இரண்டும் முடிந்தது. சோதனை அஞ்சல் அனுப்பினேன், போகவில்லை. அங்கீகாரம் தோல்வி, பொருத்தமான வழிமுறை எதுவும் இல்லை என்று பதிவேடு சொல்கிறது. கடவுச்சொல்லை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்.

---

வடபழஞ்சி | செவ்வாய், பிற்பகல் 1.22

கடவுச்சொல்லில் தவறு இருந்தால் 535 என்ற எண்ணோடு மறுப்பு வந்திருக்கும். இது அதற்கு முந்தைய கட்டம். உபுண்டுவிலும் டெபியனிலும் சாசல் வழிமுறைகள் லிப்சாசல்2-மாட்யூல்ஸ் என்ற தனிப் பொதியில் இருக்கின்றன. நிறுவிவிட்டு மீண்டும் பாருங்கள்.

---

கீழமாசி_கணக்கு | செவ்வாய், பிற்பகல் 1.40

போய்விட்டது! என் முகவரிக்கு வந்து சேர்ந்தது. ஆனால் குப்பைக் கோப்புறைக்குள் விழுந்திருக்கிறது. இன்னொன்று: இரவில் கணினி தானாக அனுப்பும் காப்புநகல் அறிக்கையை, அனுப்புநர் முகவரிக்கு அனுமதி இல்லை என்று 553 போட்டு மறுத்துவிட்டார்கள்.

---

வடபழஞ்சி | செவ்வாய், பிற்பகல் 2.30

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த அறிக்கை ரூட் என்ற பயனர் பெயரோடும், உங்கள் கணினியின் உள்பெயரோடும் போகிறது. வழங்குநருக்கு அப்படி ஒரு டொமைனே தெரியாது. ஜெனரிக் மேப்ஸ் என்ற அட்டவணையில் அந்த முகவரியைக் கடையின் முகவரியாக மாற்றிவிட்டால் தீர்ந்தது.

குப்பைக்குள் விழுவதற்குப் பெரும்பாலும் டிஎன்எஸ் காரணம். உங்கள் டொமைனின் எஸ்பிஎஃப் பதிவு, அதாவது உங்கள் பெயரில் யார் அஞ்சல் அனுப்பலாம் என்ற பட்டியல், என்ன சொல்கிறது?

---

கீழமாசி_கணக்கு | செவ்வாய், பிற்பகல் 2.48

பழைய ஐபி முகவரியை அனுமதிக்கும் பதிவு ஒன்று முன்பே இருந்தது. வழங்குநர் சொன்ன வரியைப் புதிதாக இரண்டாவது பதிவாகச் சேர்த்தேன்.

---

வடபழஞ்சி | செவ்வாய், பிற்பகல் 3.10

அதுதான் சிக்கல். ஒரு டொமைனுக்கு ஒரே ஓர் எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெறுபவர் எதை ஏற்பது என்று முடிவு செய்யமாட்டார், நிரந்தரப் பிழை என்று இரண்டையும் தள்ளிவிடுவார். பழைய ஐபியை எடுத்துவிட்டு, வழங்குநரின் இன்குளூட் வரியை ஒரே பதிவுக்குள் கொண்டுவாருங்கள். எஸ்பிஎஃப் சரிபார்ப்பில் பத்து டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் போகக்கூடாது என்ற விதியும் உண்டு. உங்களுக்கு அந்தத் தொல்லை வராது. நான்கைந்து சேவைகளைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு வரும்.

டிகேஐஎம் சாவியையும் வழங்குநர் தந்திருப்பார். அதை டிஎன்எஸ்ஸில் ஏற்றிவிட்டால் போகும் ஒவ்வோர் அஞ்சலிலும் உங்கள் டொமைனின் கையொப்பத்தை அவர்களே இடுவார்கள். இந்தச் சோதனைகளில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் பதிவை நடவடிக்கை இல்லை என்ற நிலையில் தொடங்குங்கள். சில வாரம் அறிக்கைகளைப் பார்த்த பிறகு கடுமையாக்கலாம். நாளைக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இந்த மூன்றையும் கட்டாயமாக்கியிருக்கிறது. நீங்கள் அந்தக் கணக்கில் வரமாட்டீர்கள். ஆனாலும் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கடையின் பெயரில் வேறு யாரும் போலி பில் அனுப்பாமல் காக்கும் வேலி அது.

---

கீழமாசி_கணக்கு | புதன், காலை 6.50

எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டையும் நேற்று மாலையே சரிசெய்தேன். இரவு அனுப்பிய சோதனை அஞ்சல்கள் நேராக உள்பெட்டிக்குப் போயின. மனம் நிம்மதியாகி உறங்கப் போனேன்.

காலை ஆறு மணிக்கு நிரல் ஓடியது. 240 விலைப்பட்டியலும் திரும்பிவிட்டன. ஒன்றுகூடப் போகவில்லை. பில்களும் அப்படியே. பதிவேட்டில் 5.6.7 என்ற எண். எஸ்எம்டிபி-யூடிஎஃப்8 தேவைப்படுகிறது, எதிர்ச் சேவையகம் அதை வழங்கவில்லை என்று எழுதியிருக்கிறது. இது என்ன? நான்கு ஆண்டுகளாக இதே நிரல்தான், இதே அஞ்சல்தான். தேதி 6 ஆகிவிட்டது.

---

நேதாஜி_ரோடு | புதன், காலை 7.12

பொருள் வரியில் தமிழ் இருக்கிறதா? அதுதான் காரணமாக இருக்கும். பொருள் வரியை ஆங்கிலத்தில் மாற்றிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. பில் என்ற சொல் எல்லோருக்கும் தெரியும்.

---

கீழமாசி_கணக்கு | புதன், காலை 7.20

ஆமாம், "விலைப்பட்டியல்" என்று போட்டு, அன்று விலை மாறிய சரக்கின் பெயரையும் சேர்ப்போம். ஆங்கிலத்தில் ஓர் அஞ்சலை மாற்றி அனுப்பிப் பார்த்தேன், போகிறது. தண்டர்பேர்டு அஞ்சல் செயலியிலிருந்து தமிழ்ப் பொருள் வரியோடு அனுப்பினேன், அதுவும் போகிறது! நிரலிலிருந்து போகும் தமிழ் மட்டும்தான் திரும்புகிறது. இப்போதைக்கு ஆங்கிலத்தில் மாற்றிவிடலாமா என்று பார்க்கிறேன்.

---

சோழவந்தான்_கடை | புதன், காலை 7.45

அண்ணா, நான் உங்கள் பட்டியலைப் பெறும் கடைகளில் ஒன்றைச் சேர்ந்தவள். எந்தக் கடை என்று இங்கே சொல்லவில்லை. தயவுசெய்து ஆங்கிலத்தில் மாற்றாதீர்கள்.

என் அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். காலையில் கடை திறக்கும்போது கைபேசியில் அஞ்சலின் பொருள் வரியை மட்டும் பார்ப்பார். "உளுந்து ஏறியது" என்று இருந்தால் அன்றைக்கே எனக்குச் சொல்லிச் சரக்கு எடுக்க வைப்பார். உள்ளே இருக்கும் பட்டியலைத் திறப்பது மதியத்துக்குப் பிறகுதான். அந்த ஒரு வரி தமிழில் இருப்பதால்தான் 68 வயதில் அவர் யார் உதவியும் இல்லாமல் விலை பார்க்கிறார். ஐந்து நிமிட வேலை என்று ஒருவர் சொல்கிறார். அப்பாவிடமிருந்து அது எதைப் பறிக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

---

வடபழஞ்சி | புதன், காலை 8.30

மாற்றவே வேண்டாம். தமிழில் எந்தக் குற்றமும் இல்லை. நீங்களே செய்த தண்டர்பேர்டு சோதனையில் விடை இருக்கிறது. சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழில் அஞ்சல் அனுப்பும் நிரல் எழுதுகிறவர்கள் அத்தனை பேரும் அறிய வேண்டியது இது.

அஞ்சலின் தலைப்பகுதியில் ஆஸ்கி எழுத்துகள் (ஆங்கில எழுத்து, எண், குறிகள்) மட்டுமே வரலாம் என்பது 1982இல் வந்த நெறிமுறைக் காலத்து விதி. தமிழ் போன்ற எழுத்துகளை அதற்குள் கொண்டுபோக 1996இல் ஆர்எஃப்சி 2047 என்ற இணையத் தர ஆவணம் ஒரு வழி சொன்னது: எழுத்துகளை யூடிஎஃப்-8 பைட்டுகளாக்கி, அவற்றை பேஸ்64 என்ற ஆஸ்கி வடிவுக்கு மாற்றி, முன்னும் பின்னும் அடையாளக் குறிகள் வைத்து அனுப்புவது. பெறுபவரின் செயலி அதைப் பிரித்துத் தமிழாகக் காட்டும். தண்டர்பேர்டு இதைத் தானாகவே செய்கிறது. உலகில் எந்த அஞ்சல் சேவையகமும் இதை மறுக்காது, அதற்குத் தெரிவது வெறும் ஆஸ்கிதான்.

உங்கள் நிரல் அப்படிச் செய்யவில்லை. பிஎச்பியின் மெயில் செயல்கூறு பொருள் வரியைக் கொடுத்தபடியே தள்ளிவிடும். குறியாக்கம் செய்வது எழுதுகிறவர் பொறுப்பு. ஆகவே உங்கள் தலைப்பகுதியில் பச்சையாக யூடிஎஃப்-8 பைட்டுகள் போகின்றன. அப்படிப் போவதையும் முறைப்படுத்த 2012இல் எஸ்எம்டிபி-யூடிஎஃப்8 என்ற நீட்சி வந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் 2015இல் 3.0 பதிப்பிலிருந்து அதை ஆதரிக்கிறது. சென்ட்மெயில் கட்டளை வழியாக, அதாவது பிஎச்பி வழியாக வரும் அஞ்சலின் தலைப்பில் யூடிஎஃப்-8 இருந்தால், "இந்த அஞ்சலுக்கு அந்த நீட்சி தேவை" என்று தானாக முத்திரை குத்திவிடும். எதிர்ப்பக்கம் அந்த நீட்சியைத் தெரிவிக்கவில்லையென்றால் அனுப்பாமல் திருப்பிவிடும். உங்களுக்கு வந்த 5.6.7 அதுதான்.

நான்கு ஆண்டுகளாக எப்படிப் போனது? நேராக அனுப்பினீர்கள். உங்கள் கடைக்காரர்களில் பெரும்பாலோர் ஜிமெயிலில் இருப்பார்கள். ஜிமெயில் 2014 ஆகஸ்டிலிருந்து அந்த நீட்சியை ஏற்கிறது. இப்போது நடுவில் ஒரு ரிலே வந்திருக்கிறது. உங்கள் ரிலே அதை வழங்கவில்லை. போய்ச்சேரும் இடம் ஏற்றாலும் நடுவில் நிற்பவர் ஏற்காவிட்டால் அஞ்சல் நகராது.

---

யானைமலை | புதன், காலை 8.52

போஸ்ட்ஃபிக்ஸில் அந்த நீட்சியையே அணைத்துவிடும் வரி ஒன்று உண்டே. அவசரத்துக்கு அதைச் செய்யலாம்.

---

வடபழஞ்சி | புதன், காலை 9.05

செய்யலாம் அண்ணா, அஞ்சல் போகவும் போகும். ஆனால் பச்சை பைட்டுகள் அப்படியே போகின்றன. சில செயலிகள் ஊகித்துத் தமிழாகக் காட்டும், சில கேள்விக்குறிகளைக் காட்டும். குப்பை வடிகட்டிகளும் அதை ஒரு குறையாக எண்ணும். இன்று காலை பில்கள் போக வேண்டும் என்றால் அதைச் செய்துவிட்டு, மாலைக்குள் நிரலைத் திருத்துவது நல்லது.

திருத்தம் பெரியதில்லை. பிஎச்பியில் எம்பி_என்கோடு_மைம்ஹெடர் என்ற செயல்கூறு இருக்கிறது. உள்குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று முதலில் அமைத்துக்கொண்டு, பொருள் வரியை அதன் வழியாக அனுப்புங்கள்.

கையால் பேஸ்64 செய்து ஒட்டும் வேலை வேண்டாம், அதில் ஒரு குழி இருக்கிறது. குறியாக்கிய ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக்கூடாது. "விலைப்பட்டியல்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அது 14 குறியெண்கள். தமிழில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்பதால் 42 பைட். பேஸ்64 ஆக்கினால் 56 எழுத்து. முன்னும் பின்னும் வரும் குறிகளுக்கு 12. மொத்தம் 68. ஒரே ஒரு சொல்லுக்கே துண்டு ஏறக்குறைய நிரம்பிவிட்டது! அதோடு "உளுந்து ஏறியது" என்று சேர்த்தால் இரண்டாவது துண்டு வேண்டும். துண்டு முடியும் இடம் ஓர் எழுத்தின் மூன்று பைட்டுக்கு நடுவில் விழுந்தால் அந்த எழுத்து சிதைந்து கறுப்புக் கட்டமாகத் தெரியும். ஆங்கிலத்தில் எழுதிச் சோதிப்பவர்களுக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது. அந்தச் செயல்கூறு எழுத்தின் எல்லை பார்த்துத்தான் வெட்டும்.

---

தந்தி_ஆபீஸ் | புதன், காலை 9.40

தம்பி வடபழஞ்சி, இந்தக் கணக்கைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. நாங்கள் மோர்ஸில் ஆங்கில எழுத்தாக மாற்றித்தான் தமிழ்ச் செய்தியை அனுப்புவோம். அனுப்பியவர் தமிழில் சொல்வார், வாங்கியவர் தமிழில் கேட்பார், நடுவில் கம்பியில் போவது வேறு எழுத்து. இரண்டு முனையிலும் அது தமிழாகவே இருக்க வேண்டும் என்பதில் நாங்கள் மிகவும் கவனமாக இருந்தோம். இன்றும் அதே வேலை நடக்கிறது என்று அறிந்துகொண்டேன்.

---

கீழமாசி_கணக்கு | புதன், பிற்பகல் 12.30

நீட்சியை அணைத்து, நிறுத்தி வைத்திருந்த பழைய பில்களை விடுவித்துவிட்டேன். எல்லாம் போய்விட்டன. பிறகு நிரலில் பொருள் வரியைத் திருத்தினேன். நீட்சியை மறுபடி இயக்கிச் சோதித்தால் இன்னும் அதே 5.6.7 வருகிறது. பொருள் வரி இப்போது சரியாகத்தான் குறியாக்கப்பட்டிருக்கிறது, வரிசையில் இருந்த அஞ்சலைத் திறந்து பார்த்தேன்.

---

வடபழஞ்சி | புதன், பிற்பகல் 12.41

அனுப்புநர் வரியில் கடையின் பெயர் தமிழில் இருக்கிறதா?

---

கீழமாசி_கணக்கு | புதன், பிற்பகல் 12.44

இருக்கிறது.

---

வடபழஞ்சி | புதன், பிற்பகல் 12.58

அதுவும் தலைப்பகுதிதான். பெயரை மட்டும் குறியாக்குங்கள், கோண அடைப்புக்குறிக்குள் இருக்கும் முகவரியைத் தொடாதீர்கள். முழு வரியையும் அந்தச் செயல்கூறுக்குள் போட்டால் முகவரியும் குறியாக்கத்துக்குள் சிக்கிவிடும்.

இணைப்புக் கோப்பின் பெயரையும் பாருங்கள். அதற்கு வேறு விதி, ஆர்எஃப்சி 2231. நாளைக்கு நேரம் கிடைக்கும்போது மெயில் செயல்கூறை விட்டு பிஎச்பிமெயிலர் நூலகத்துக்கு மாறிவிடுங்கள். எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று ஒரு வரி சொன்னால் பொருள், பெயர் எல்லாவற்றையும் அதுவே முறையாகச் செய்துவிடும்.

---

நேதாஜி_ரோடு | புதன், மாலை 4.10

காலையில் நான் சொன்னதை அந்தச் சகோதரியின் பதிவைப் படித்த பிறகு யோசித்தேன். அவசரத்தில் சொல்லிவிட்டேன். எங்கள் கடை நிரலும் பிஎச்பியில்தான் இருக்கிறது. அதிலும் பொருள் வரியை இப்படித்தான் விட்டிருக்கிறோம் என்று இப்போதுதான் பார்த்தேன். திருத்திவிட்டு வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் போடப் போகிறேன்.

ஒரு கேள்வி: 240 அஞ்சலும் ஒரே நேரத்தில் போனால் வழங்குநர் மறுக்கமாட்டாரா?

---

யானைமலை | புதன், மாலை 4.35

சிலர் மறுப்பார்கள். அமேசான் எஸ்இஎஸ்ஸில் புதிய கணக்கு சோதனை நிலையில் இருக்கும்போது நொடிக்கு ஒன்று, 24 மணி நேரத்துக்கு 200 என்பதுதான் வரம்பு. சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டுமே போகும். விண்ணப்பித்து வெளியே வர வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸில் ஒவ்வோர் அஞ்சலுக்கும் இடையில் ஒரு நொடி இடைவெளி விடும் வரி இருக்கிறது, டெஸ்டினேஷன் ரேட் டிலே என்று தேடுங்கள். 240 அஞ்சலுக்கு நான்கு நிமிடம் ஆகும். ஆறு மணிக்குத் தொடங்கினால் ஆறே காலுக்குள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும்.

---

கீழமாசி_கணக்கு | வியாழன், காலை 6.22

அனுப்புநர் பெயரையும் குறியாக்கினேன். ஒரு நொடி இடைவெளியும் வைத்தேன். இன்று ஆறு மணிக்கு ஓடியதில் பதிவேடு முழுக்க 250, அதாவது ஏற்றுக்கொள்ளப்பட்டது என்ற எண். வரிசை காலி. மூன்று கடைகளின் முகவரி மட்டும் பழையது என்று திரும்பியிருக்கிறது. அவர்களைத் தொலைபேசியில் கேட்டு மாற்றிக்கொள்வேன். வரிசையின் ஆயுளை மீண்டும் ஐந்து நாளாக்கிவிட்டேன். பில் திருத்தம் ஏதும் இருந்தால் 9ஆம் தேதிக்குள் சொல்லும்படி எல்லாக் கடைக்கும் இன்று எழுதியிருக்கிறேன்.

யானைமலை அண்ணா, வடபழஞ்சி, தந்தி ஆபீஸ் ஐயா, உங்களுக்கு என் நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சோழவந்தான் தங்கை, பட்டியல் வந்ததா? பொருள் வரி முழுதாகத் தெரிகிறதா?

---

சோழவந்தான்_கடை | வியாழன், காலை 6.40

6.03க்கு வந்தது அண்ணா. ஓர் எழுத்தும் உடையவில்லை. அப்பா கைபேசியை என்னிடம் நீட்டி, துவரம்பருப்பு இறங்கியிருக்கிறது, இரண்டு மூட்டை சொல்லிவிடு என்றார். கடைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.